கொழுந்தெடுக்கும் தோளுக்குக் கைம்மருந்து

ஓவேலி என்னும் பெயரே தமிழன்று. ஆக்டர்லோனி என்னும் வெள்ளைத் தோட்டக்காரரின் பெயரும், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் தேய்ந்தொட்டி நம் வாயில் ஓவேலியாயிற்று. அங்குத் தேயிலை கிள்ளும் கைகளோ பெரும்பாலும் தமிழ்க் கைகள். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்தினின்று பெயர்த்தெறியப்பட்டுக் கூடலூர்ப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பத்தாரும் அவருள் உளர்.

கொழுந்தெடுப்போர் சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக ஊன்றி, முன்குனிந்து, நாள்முழுதும் நிற்கின்றனர். கத்தரி வந்தபின் மணிக்கட்டும் தோளும் ஒரே அசைவில் ஓயாது உழல்கின்றன. மழையில் நனைந்த இலைமூட்டையின் பொறை கழுத்திலும் குறுக்கிலும் இறங்குகிறது. மாலையில் ‘குறுக்குப் பிடித்துக்கொண்டது’ என்று மருந்தகம் சென்றால் கிடைப்பது ஒரு வில்லை. மறுநாளும் வில்லை, மறுகிழமையும் வில்லை. நோவு அடங்கினாற்போல் தோன்றும். நெடுநாள் விழுங்கினாலோ இரைப்பை புண்ணாகும், சிறுநீரகமும் கெடும்.

2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் நொந்தனர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. நெடுநாள் இடுப்புவலிக்கென 2023 திசம்பரில் அது வெளியிட்ட நெறிமுறை, உடற்பயிற்சி, நோய்பற்றிய விளக்கம், பிடித்துவிடல் முதலியவற்றைப் பரிந்துரைத்தது, இடுப்புப்பட்டையை வேண்டாவென்றது.

பிடித்துவிடல் தமிழனுக்குப் புதிதோ? சித்த மருத்துவமெனப் பெயர்பெற்ற நம் மருத்துவம் புறமருந்தை 32 ஆக வகுத்தது. அவற்றுள் ஒன்றாகிய தொக்கணத்தை மட்டுமே தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பதாகப் பகுத்தது. ‘பிசியோதெரபி’ என்றால் பணங்கட்டி வரிசையில் நிற்கும் நம்மவர், தொக்கணம் என்றால் விழிக்கின்றனர்!

ஆயினும், நம்முடையது என்பதற்காகவே பெருக்கிச் சொல்லுதல் கூடாது. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, கால் மரத்தல், வலுவிழத்தல், சிறுநீரை அடக்கவியலாமை ஆகியன காணின் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அந்நிலையில் கல்லாதான் கை பட்டால் கேடே விளையும். மேலும், இன்று தொக்கணம் செய்து நாளை அதே மூட்டையை ஏற்றினால் யாது பயன்?

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ ஏந்தினைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. அக்கடமை வில்லைப் பெட்டியோடு முடிவதன்று. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கி மருத்துவரைப் பயிற்றி வருகின்றது. அத்தகு பயிற்சி பெற்ற பெண் மருத்துவர் கிழமைக்கொரு நாளேனும் ஓவேலித் தோட்டங்களுக்கு வருமாறு அரசு செய்தல் வேண்டும். மூட்டையின் எடைக்கு வரம்பு கட்டல் வேண்டும். காலையில் இலைக்களத்திலேயே உடற்பயிற்சி கற்பித்து, அந்தக் கால்மணியையும் கூலிக்குரிய நேரமாகவே எண்ணல் வேண்டும்.