லயத்துக்குள் ஒரு சரித்திரம்

திருவண்ணாமலை ராஜகோபுரம் பதினொரு நிலை. மானியம் விட்ட மன்னர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எங்கே, தோழர்களே?

இலங்கையில் கம்பளைக்கு அருகே, தேயிலைத் தோட்டத்துப் பழைய லயத்தையே 2007-ல் தொழிலாளர் மியூசியமாக்கினார்கள். தமிழகத்துக் கூலி ஜனங்கள் கடல் தாண்டிப் போய் முடங்கிக் கிடந்தது இத்தகைய லயங்களில்தான். 1948-ல் அவர்களுடைய பிரஜாவுரிமையைக் கொழும்பு சர்க்கார் பறித்தது. காகிதம் இல்லாதவனை ‘நீ யார்?’ என்பது ஆள்வோர் வழக்கம். இதோ பதில், லயமாகவே நிற்கிறது!

நாமோ? சங்கத்துப் பழைய நோட்டீஸ்களைக் கரையானுக்குக் கொடுத்தோம். வெட்கக்கேடு. கூலி நெல் அளந்த மரக்கால், ஆலை டோக்கன், சந்தா ரசீது, எது கிடைத்தாலும் சங்க ஆபீஸுக்குக் கொண்டு வாருங்கள். ஓர் அலமாரி போதும். முதலில், வயதான தோழர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அலமாரி பிறகு வரட்டும்.