பட்ட கிளையும் அழகே!

வத்தல்மலை ஏறும் வழியில் ஒரு பக்கம் பட்டும் மறுபக்கம் தளிர்த்தும் நிற்கும் மரங்களைக் காணலாம். இக்கோலத்தையே தொட்டியில் வளரும் போன்சாய் மரத்தில் செதுக்கிக் காட்டுகின்றனர் ஜப்பானியர். பட்டை உரித்த கிளைக்கு ‘ஜின்’ என்றும், அடிமரத்தில் உரித்த பகுதிக்கு ‘ஷாரி’ என்றும் பெயர்.

அழகுக்காக உயிருள்ள மரத்தை உரிப்பது முறையா, தோழியரே? எப்படியும் வெட்டி எறியவேண்டிய கிளையானால், ஒட்ட நறுக்காமல் சிறிது விட்டு ஜின் செய்யலாம். அடிமரத்தில் கை வைக்கவே கூடாது என்பேன். இலை சமைத்த உணவு பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் உரித்தால் வேர் பட்டினியால் மடியும். மேலும் ஜப்பானியர் செதுக்குவது பெரும்பாலும் ஜூனிபர், பைன் போன்ற பிசின் மரங்களை. நம் ஆல், அரசின் மென்கட்டை மழையில் உளுத்துவிடும். வைரம் பாய்ந்த புளியானால் தாங்கும்.

செதுக்கிய கட்டை கெடாதிருக்கச் சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலைப் பூசுவர். அப்பப்பா, அழுகிய முட்டை நாற்றம்! அதில் அமிலம் கலந்தால் நச்சு வாயு எழும். ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணிந்து, திறந்த முற்றத்தில், பெரியவர் துணையுடன் பூசுங்கள். தொட்டி மண்ணைத் துணியால் மூடிவிடுங்கள். கத்தியை உடம்புக்கு எதிர்ப்புறமாகவே ஓட்டுங்கள்.

என் புளிங்கன்றில் ஒரே ஒரு ஜின் செய்திருக்கிறேன். அடிமரத்தைத் தொடவில்லை.