அவசரப்படாதீங்க, 42.195 கிலோமீட்டர் எங்கேயும் ஓடிப் போயிடாது

நீளமான த்ரெட். மாரத்தான் ஓட ஆசைப்படறவங்க, ஓடற பிள்ளைங்களைப் பெத்தவங்க பொறுமையா படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் பெரிய ஓட்டக்காரன் இல்ல. ஆம்பூர் பக்கம் அரசு மருத்துவமனையில எம்பிபிஎஸ் டாக்டர். வயசு 36. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் என் ஓட்டமெல்லாம் வார்டுக்கும் கேஷுவால்டிக்கும் நடுவுலதான்.

சுகர், பிரஷர் ஓபியில தினமும் நான் சொல்ற வசனம் "அரை மணி நேரம் நடங்கம்மா". ஒரு நாள் ஷூ கம்பெனியில வேலை பாக்கற ஒரு அக்கா சிரிச்சுக்கிட்டே கேட்டாங்க: "நாள் பூரா நின்னுக்கினுதான் கீறேன் சார். நீங்க நடக்கறீங்களா?"

பதில் இல்ல. அந்த வாரமே என் ரத்தத்தையும் லேபுக்குக் குடுத்தேன். ஹெச்பிஏ1சி 6.1. சர்க்கரை நோயோட வாசப்படியில நிக்கறேன்னு அர்த்தம்.

சரி, ஓடுவோம்னு கிளம்பினேன். ஊரே உலகத்துக்கு ஷூ தைக்குது, நமக்கு என்ன குறைச்சல்னு பஜார்ல எக்ஸ்போர்ட் மிச்சத்துல ஒரு ஜோடி வாங்கினேன். அருமையான லெதர். ஆபீசுக்குப் போட்டுக்கிட்டுப் போகலாம், ஓடக் கூடாது. ஒரே வாரத்துல ரெண்டு குதிகாலும் பேச ஆரம்பிச்சுது.

அடுத்து, இன்னும் பெரிய தப்பு. நெட்ல கிடைச்ச "16 வாரத்தில் முழு மாரத்தான்" அட்டவணையை அப்படியே பிடிச்சேன். அது ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கறவங்களுக்கானதுன்னு கீழே சின்ன எழுத்துல போட்டிருந்தான். நான் படிக்கல. ஏழாவது வாரம் முழங்காலுக்குக் கீழே, எலும்பு மேல ஒரு விரல் வச்சு அழுத்தினா உயிர் போற வலி. எலும்புல விரிசல் ஆரம்பிக்கறதுக்கான அறிகுறி அது. ஆறு வாரம் ஓட்டத்துக்கு லீவு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஓட ஆரம்பிச்ச சில வாரத்துலயே இதயமும் நுரையீரலும் பழகிடும். மூச்சு வாங்காது. "நாம ரெடி"ன்னு மனசு சொல்லும். ஆனா எலும்பும் தசைநாரும் கெட்டிப்பட மாசக்கணக்குல ஆகும். லாரி என்ஜினைத் தூக்கி ஆட்டோவுல மாட்டின கதைதான்.

அதனால என் கருத்து இது, கோபப்படாதீங்க. இதுவரைக்கும் ஓடாத ஒருத்தர் மூணு மாசத்துல, நாலு மாசத்துல முழு மாரத்தான் ஓடறதை "சேலஞ்ச்"னு விக்கறது தப்பு. குறைஞ்சது ஒரு வருஷம் குடுங்க. முதல்ல ஒரு நிமிஷம் ஓடி ரெண்டு நிமிஷம் நடங்க. அப்புறம் 5, அப்புறம் 10, அப்புறம் ஒரு அரை மாரத்தான். முழுசு அதுக்கப்புறம். வேகம்? பக்கத்துல ஓடறவரோட முழு வாக்கியமா பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

மா. சுப்பிரமணியன் அவர்களை எல்லாருக்கும் தெரியும். சர்க்கரை நோய் இருக்கு, விபத்துல கால்ல அடிபட்டவர், நூறு அரை மாரத்தானைத் தாண்டினவர். பெரும்பாலும் 21 கிலோமீட்டர்தான் அவர் கணக்கு. அரை மாரத்தானை "பாதி"ன்னு கேலி பண்றவங்க அதை நினைச்சுக்கோங்க.

இப்போ நம்ம ஊர் விஷயத்துக்கு வரேன். வேலூர் வெயில்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ஏப்ரல் ஞாயித்துக்கிழமை. ஒரு ஊர்ல 10 கிலோமீட்டர் ஓட்டம். சீஃப் கெஸ்ட் லேட். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியது ஏழரை ஆச்சு. எட்டே முக்காலுக்கு 22 வயசுப் பையன் ஒருத்தன் எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி தள்ளாடி விழுந்தான். சம்பந்தமில்லாம பேசினான். கூட இருந்தவங்க பதறிப்போய் காருக்குள்ள போட்டு, சால்வை வேற போர்த்தி, 40 நிமிஷம் ஓட்டி எங்ககிட்ட கொண்டுவந்தாங்க. உள் வெப்பம் 41 டிகிரிக்கு மேல.

வராண்டாவுலயே படுக்க வச்சு, சட்டையைக் கழட்டி, ஹோஸ் பைப்புல தண்ணி, ஃபேன், அக்குள்லயும் தொடையிடுக்குலயும் ஐஸ். பிழைச்சுட்டான். ஆனா கிட்னி சரியாக பத்து நாள் ஆச்சு. அவங்க அம்மா அந்தப் பத்து நாளும் வார்டு வாசல்லயே உக்காந்திருந்தாங்க.

அந்த 40 நிமிஷம்தான் எனக்கு இன்னும் ஆறல. ஓடினவர் உளறினாலோ மயங்கினாலோ 108க்கு அடிங்க. அது வர்ற வரைக்கும் அந்த இடத்துலயே குளிர வைங்க. தொட்டி கிடைச்சா ஐஸ் தண்ணியில கழுத்து வரைக்கும் உக்கார வச்சுத் தலையைப் பிடிச்சுக்கோங்க. இல்லன்னா பக்கெட் பக்கெட்டா உடம்பு மேல ஊத்துங்க. குளிர வைக்கறது முதல், வண்டியில ஏத்தறது ரெண்டாவது. நினைவில்லாதவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க.

வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஏசி ரூம்ல ட்ரெட்மில் ஓடிட்டு நேரா ரோட்டுக்கு வந்தா பழக்கம் வராது. நான் நாலரைக்குக் கிளம்பி ஆறரைக்குள்ள முடிச்சிடுவேன். சர்வீஸ் ரோட்ல ஓடினா வண்டி வர்ற திசையைப் பார்த்து ஓடுங்க, பளிச்சுன்னு சட்டை போடுங்க.

"அப்போ தண்ணி நிறைய குடிச்சா போதுமே டாக்டர்?" இல்லைங்க, அதுலயும் ஆபத்து இருக்கு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல ஓடி முடிச்ச 488 பேரோட ரத்தத்தைப் பார்த்தாங்க. 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. ஓடும்போது தண்ணி குடிச்சுக் குடிச்சு எடை கூடினவங்களுக்குத்தான் அது அதிகம். சோடியம் ரொம்ப இறங்கினா மூளை வீங்கும், வலிப்பு வரும். தாகத்துக்குக் குடிங்க. நீளமா ஓடற அன்னைக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எடை கூடியிருந்தா அதிகமா குடிச்சிருக்கீங்க.

ஓடறதுக்கு முன்னாடி "சேஃப்டிக்கு" ஒரு டைக்ளோ போடற பழக்கம் எங்க குரூப்லயே இருக்கு. வேண்டாம். உடம்பு காய்ஞ்சிருக்கும்போது வலி மாத்திரை கிட்னியைத்தான் அடிக்கும். வலியைக் காட்டுற மணியையும் அணைச்சிடும்.

மாரடைப்பு பயம்? அமெரிக்காவுல 2000 முதல் 2010 வரை 1 கோடியே 9 லட்சம் பேர் ஓடினதுல 59 பேருக்கு இதயம் நின்னுபோச்சு. அதுல 51 பேர் ஆண்கள். முழு மாரத்தான்ல லட்சத்துக்கு ஒருத்தர் கணக்கு. பயப்படற அளவு இல்ல, அலட்சியப்படுத்தற அளவும் இல்ல. 40 தாண்டினவங்க, சுகர், பிரஷர், சிகரெட் இருக்கறவங்க, வீட்ல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தவங்க, ஓடும்போது நெஞ்சு அழுத்தம் வந்தவங்க, முதல்ல டாக்டரைப் பாருங்க. கிளிமிபிரைடு, இன்சுலின் எடுக்கறவங்க டோஸ் கேக்காம ஓடாதீங்க, நடு ரோட்ல சுகர் இறங்கிடும்.

சாப்பாடு பத்திக் கேக்கறாங்க. முந்தின ராத்திரி பிரியாணி வேண்டாம். ஆம்பூர்க்காரன் சொல்றேன், நம்புங்க. ஓடி முடிச்சுட்டு சாப்பிடுங்க, கத்தரிக்காயோட.

என் கணக்கு வர்ற ஜனவரி, சென்னை. போன வருஷம் அரை மாரத்தான் முடிச்சேன், ரெண்டு மணி 41 நிமிஷம். சிரிக்காதீங்க. ஹெச்பிஏ1சி இப்போ 5.6.

அந்த அக்கா போன மாசம் மாத்திரை வாங்க வந்தாங்க. "ஓடி முடிச்சிட்டீங்களா சார்?" இன்னும் இல்லக்கா, நீங்க நடக்கறீங்களான்னு கேட்டேன். ஆறரைக்கு கம்பெனி வேன், அதுக்கு முன்னாடி சமையல், அஞ்சு மணிக்கு அவங்க தெருவுல லைட் எரியாது, நாய் வேற. ஞாயித்துக்கிழமை மட்டும் மகளோட ஸ்கூல் கிரவுண்டு வரைக்கும் போய் வராங்களாம். அதுவும் வாட்ச்மேன் நல்ல மூடுல இருந்தா.

வார்டு கவுன்சிலர் யாராவது இதைப் படிச்சா, அந்தத் தெருவுக்கு நாலு லைட் போடுங்க. எந்தத் தெருன்னு இன்பாக்ஸ்ல சொல்றேன்.