காது மடலும் ஓர் அமானிதமே



நிக்காஹ்வுக்கு நான்கு நாட்களே இருக்கையில், பாட்டியின் கம்மலைப் பேத்தியின் காதில் ஏற்ற முயல்கிறோம். அக்காலத்துக் கம்மலின் தண்டு தடித்தது. பிள்ளையின் துளையோ மெல்லிய கம்பியால் குத்தியது. எண்ணெய் தடவி, திருகி, அழுத்தி, "கொஞ்சம் பொறுத்துக்கோம்மா" என்று சொல்லிச் சொல்லி நுழைத்தும் விடுகிறோம். இரத்தம் கசிகிறது. மணநாளன்று அவள் சிரித்துக்கொண்டே அமர்ந்திருக்கிறாள். மறுவாரம் காது சீழ் பிடிக்கிறது. நம் குடும்பங்களில் இது புதிய கதையன்று.

இதே நாம்தான், காதுத் துளையை வளையமிட்டுப் பெரிதாக்கிக்கொண்டு வரும் கல்லூரி இளைஞனைக் கண்டால் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுகிறான் என்று கொதிக்கிறோம். அவனுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆண்களின் காது குத்தலை அறிஞர்களில் பெரும்பாலோர் தடுத்தே வந்துள்ளனர். ஆனால் அவன் வருத்துவது தன் காதை. நாம் வருத்துவது மறுத்துப் பேச வழியில்லாத பிள்ளையின் காதை.

பெண்களுக்கு அனுமதி உண்டே என்பார்கள். உண்டு. பெருநாள் அன்று நபி (ஸல்) அவர்கள் தர்மம் செய்யத் தூண்டியபோது, பெண்கள் தங்கள் காதணிகளைக் கழற்றி பிலால் (ரலி) அவர்களின் துணியில் இட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. எனினும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, தங்க வளையத்துக்காகச் சிறுமியின் காதைத் துளைப்பதையே வலி தரும் காயம் என்று கூறி, அதற்கு அனுமதி காணவில்லை என இஹ்யாவில் எழுதினார். பெரும்பாலான அறிஞர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. நாமும் அதை வற்புறுத்தவில்லை. ஆயினும் ஒரு சிறுமியின் வலியை அவர் எண்ணிப் பார்த்தார் அல்லவா? நாம் எண்ணுவது பவுனை.

காது மடலின் விளிம்பெங்கும் அலுக்குத்து அணிந்த நம் மூதாட்டிகளும், பாம்படமும் தண்டட்டியும் அணிந்த அண்டை வீட்டுப் பாட்டிகளும் அவசரப்படவில்லை. பஞ்சுத் திரி, பிறகு ஓலைச் சுருள் என மெல்ல மெல்லக் காதை "வளர்த்தார்கள்". சொல்லே பொறுமையைச் சொல்கிறது. (குணுக்கு என்னும் ஈயப் பாரத்தைத் தொங்கவிட்டது மட்டும் தவறு. பாரம் மடலை மெலியச் செய்து கிழிக்கும். பழையது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.)

துளையைப் பெரிதாக்கியே தீர வேண்டுமென்றால் முறை உண்டு. புதிதாகக் குத்திய காது வெளியே 6 முதல் 8 வாரங்களில் ஆறினாலும், உள்ளே ஆறப் பல மாதங்கள் ஆகும், அதுவரை தொடக்கூடாது. பிறகு 1 மில்லிமீட்டரிலிருந்து 1.2, அதிலிருந்து 1.6, பின்பு 2 என்று படிப்படியாகவே ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையில் குறைந்தது ஒன்றிரண்டு மாதங்கள் வேண்டும். வெந்நீரில் குளித்துத் தோல் இளகிய பிறகு, கழுவிய கையால், வழவழப்பான கண்ணாடி அல்லது டைட்டானியத் தண்டை நுழைக்கலாம். வலியோ இரத்தமோ தெரிந்தால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். வலுக்கட்டாயமாக நுழைத்தால் உள்தோல் பின்புறமாகப் பிதுங்கி, தடித்த விளிம்பாக அப்படியே தங்கிவிடக்கூடும். குருத்தெலும்புள்ள மேல் காதில் இதைச் செய்யவே வேண்டாம்; அங்கு சீழ் பிடித்தால் காதின் வடிவமே சிதையும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு குடும்பத்தில் இருந்தாலும் வேண்டாம்.

இத்தனை பாடு எதற்கு? நகை செய்யும் ஆசாரியிடம் கொடுத்தால் கம்மலின் தண்டை மெல்லியதாக மாற்றித் தருவார். நகையை மாற்றுவதை விட்டுப் பிள்ளையின் காதை மாற்றத் துணிகிறோமே, அங்குதான் நம் மனம் வெளிப்படுகிறது.

பாரமும் அப்படியே. 2 பவுன் ஜிமிக்கி என்றால் காதுக்கு 8 கிராம். மாட்டலும் இல்லாமல் நாள் முழுதும் தொங்கவிட்டால் துளை நீண்டு கோடாகிவிடும். மஹர் கொடுக்க வேண்டியவர் மணமகன். ஆனால் மணப்பெண்ணின் காதில் தொங்குவதை எடைபோட்டுக் கொண்டிருப்பவர்கள் அவன் வீட்டார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே நாம் பிள்ளையின் காதில் பாரம் ஏற்றுகிறோம்.

தேதி குறித்த அன்றே நகையை எடுத்துப் பிள்ளையின் காதில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், ஆசாரியிடம் போக அப்போது நாள் இருக்கும்.