பட்டன் இருக்கே டாக்டர்!

1/
"வண்டி ஓடினதே 14,000 கி.மீ. தான் டாக்டர். டயர்ல பட்டன் அப்படியே இருக்கு. அதைப் போய் எதுக்கு மாத்தணும்?"

சர்க்கரைக்கு என்னிடம் வரும் ஒருவர் கேட்டது. ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கார். 2015 மாடல், கம்பெனி போட்ட அதே டயர். ஞாயிறு காலையில் மட்டும் ஈசிஆரில் ஒரு ரவுண்டு. பக்கத்து சீட்டில் காலேஜ் படிக்கும் மகள்.

அவருக்குச் சொன்ன பதிலை இங்கே விரிவாச் சொல்றேன். த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
இதே மனுஷர், ஃப்ரிட்ஜில் சீல் உடைக்காத இன்சுலின் தேதி தாண்டிடுச்சுன்னா யோசிக்காம தூக்கிப் போடுவார். "ஒரு சொட்டுகூட எடுக்கலையே, புதுசு மாதிரிதானே இருக்கு"ன்னு வாதாட மாட்டார். பயன்படுத்தினால் தீரும், பயன்படுத்தாமல் வைத்தாலும் கெடும் என்பது அவருக்கு நல்லாத் தெரியும். டயர் விஷயத்தில் மட்டும் ஏத்துக்க மாட்டேங்கிறார்.

3/
டயர் ரெண்டு விதமாக் கெடும்.

ஒன்று தேய்மானம். அது கிலோமீட்டர் கணக்கு. பட்டனைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்று வயசு. அது வருஷக் கணக்கு. ஆக்சிஜன், ஓசோன், வெயில், சூடு எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுக்கும். நாம் உள்ளே அடிக்கிற காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் உள்ளிருந்தே வேலையைக் காட்டும். மெத்தென்று இருந்த ரப்பர் கெட்டியாகி, ரோட்டைப் பிடிக்கும் குணத்தை இழக்கும். உள்ளே இரும்புக் கம்பி அடுக்கோடு ரப்பர் ஒட்டியிருக்கும் இடம் பலவீனமாகும். பட்டன் ஆழத்தை அளந்தால் இதில் எதுவும் தெரியாது.

4/
"ஓட்டாம நிறுத்தி வச்சா நல்லாத்தானே இருக்கும்?"

இல்லைங்க. வெடிப்பு விழாமல் இருக்க ரப்பரோடு ஒருவித மெழுகு கலந்திருப்பாங்க. டயர் உருண்டு, வளைந்து நிமிரும்போதுதான் அது நல்லா மேலே வந்து படலமாகப் படியும். நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டிக்கு இந்தக் கவசம் சரியாகக் கிடைக்காது. அதுக்கு மேல மாசக்கணக்கில் டயரின் ஒரே பகுதியில் வண்டியின் மொத்த எடை.

குறைவா ஓடின வண்டின்னு நாம் பெருமைப்படுறோம். டயருக்கு அது பெருமை இல்லை.

5/
ஸ்போர்ட்ஸ் காருக்கு இது இன்னும் முக்கியம். அந்த டயரை வாங்குறதே ரோட்டைக் கவ்விப் பிடிக்கத்தான். அந்தப் பிடிப்பு மென்மையான ரப்பரில் இருக்கு. அது இறுகிட்டா, இன்ஜின் சக்தி அப்படியே இருக்கும், பிடிப்பு மட்டும் போயிருக்கும். நாலு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய நம்ம உள்ளங்கை அளவுதான். மழை ஈரத்தில் திடீர்னு பிரேக் போடும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

6/
எல்லோருக்கும் தெரிந்த உதாரணம்: 2013 நவம்பர் 30, கலிபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டா. 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி, 600 குதிரைசக்திக்கு மேல். மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் மோதித் தீப்பிடித்தது. ஓட்டியவர் ரோஜர் ரோடாஸ். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' நடிகர் பால் வாக்கர் பக்கத்து சீட்டில். ரெண்டு பேரும் இறந்துட்டாங்க.

7/
நேர்மையா சொல்லணும். 2014 மார்ச்சில் வந்த போலீஸ் விசாரணை முடிவு, காரணம் வேகம்தான் என்றது. மணிக்கு 45 மைல் போக வேண்டிய ரோட்டில் 80 முதல் 93 மைல், அதாவது 130 முதல் 150 கி.மீ. வரை.

ஆனா அதே விசாரணை இன்னொன்றையும் சொன்னது: டயர்களுக்கு 9 வயசு. அதனால் காரின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

புது டயர் போட்டா 150-ல் பறக்கலாம்னு நான் சொல்ல வரல. தப்பு நடக்கும் நொடியில் காரை ரோட்டில் பிடிச்சு வைக்க டயரை விட்டா வேற எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

8/
"அது சூப்பர் கார் டாக்டர், வேகத்துல போனாங்க."

சரி, பஸ்ஸுக்கு வருவோம். 2012 செப்டம்பர், இங்கிலாந்து. இசை விழா முடிந்து திரும்பிய பஸ் ஹிண்ட்ஹெட் அருகே மரத்தில் மோதியது. மூணு பேர் பலி. காரணம் முன்பக்க டயர் வெடித்தது. அந்த டயருக்கு வயசு 19. பட்டன்? சட்டப்படி எல்லாம் சரியாவே இருந்தது.

9/
இறந்த இளைஞர் ஒருவரின் தாய் வருஷக்கணக்கில் போராடினார். 2021 பிப்ரவரி 1 முதல் லாரி, பஸ்களின் முன் அச்சில் 10 வருஷம் தாண்டிய டயருக்கு அங்கே தடை. தனியார் கார்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. கார்ல அந்த முடிவை எடுக்க வேண்டியது ஓனர்தான்.

10/
சூடு டயரின் எதிரி. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2007-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு இருக்கு. வெயில் அதிகமுள்ள 5 மாநிலங்களில் அவர்களது வாடிக்கையாளர்கள் 27% தான். ஆனா டயர் சம்பந்தமான கிளெய்ம்களில் 77% அங்கிருந்து. அதில் 84% ஆறு வயசு தாண்டிய டயர்கள்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லணுமா?

11/
"எல்லாம் டயர் கடைக்காரங்க வியாபார தந்திரம்."

சந்தேகம் நியாயமானதுதான். ஆறாவது பிறந்தநாள் அன்னைக்கு டயர் வெடிச்சிடாது. ஆனா பல கார் கம்பெனிகள் சொல்லும் எல்லை 6 வருஷம். டயர் விற்கும் மிஷலின், 5 வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் சோதிங்க, எப்படி இருந்தாலும் 10 வருஷத்தில் மாத்துங்கன்னு சொல்லுது. வியாபாரம் மட்டுமே நோக்கம்னா 10 வரைக்கும் விட்டிருப்பாங்களா?

12/
எப்படிப் பார்ப்பது? டயர் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்குப் பிறகு வரும் வரிசையில் கடைசி 4 எண்கள். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம். வெளிப்பக்கம் இல்லைன்னா உள்பக்கம் இருக்கும், குனிந்து செல்போனில் போட்டோ எடுங்க. மூணே எண்தான்னா அது 2000-க்கு முந்தின டயர், யோசிக்கவே வேண்டாம்.

டயர் பாலிஷ் பளபளப்பை நம்பாதீங்க. அது வெடிப்பை மறைக்கும்.

13/
மாத்தும்போது:
- கடையில் போடும் முன் தேதியைப் பாருங்க. "புது ஸ்டாக்"னு வாயால் சொன்னா போதாது.
- ஸ்டெப்னியையும் பாருங்க. ஒரு கி.மீ. ஓடாமலே அதுக்கும் வயசாகுது.
- பழைய லோ-கிலோமீட்டர் கார் வாங்கினா, நாலு டயர் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கோங்க.

14/
அந்த நண்பர் என் ரூமிலிருந்தே டிரைவருக்கு போன் போட்டு டயரை போட்டோ எடுக்கச் சொன்னார். வந்த நம்பர் 4714. பதினோரு வயசு தாண்டின டயர். அதுல மகளை உட்கார வச்சு இத்தனை ஞாயிறு போயிருக்கார். கொஞ்ச நேரம் பேசல.

15/
கார் உங்களது, காசு உங்களது. ஆனா பக்கத்து சீட்டில் உட்காருறவங்க டயர் தேதியைக் கேட்டுட்டு ஏறுறதில்லை. உங்களை நம்பி ஏறுறாங்க.

இன்னைக்கு சாயங்காலம் பார்க்கிங்ல போய் அந்த 4 நம்பரைப் பாருங்க. 6 வருஷம் தாண்டியிருந்தா நல்ல டயர் கடையில் காட்டுங்க. 10 தாண்டியிருந்தா மாத்துற வரைக்கும் யாரையும் ஏத்தாதீங்க, நீங்களும் ஏறாதீங்க.