பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்

போன வாரம் அக்கா மகள் வாட்ஸப்பில் கூப்பிட்டாள். லேப்டாப் கேட்கப் போகிறாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"மாமா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. காலைல அரை மணி நேரம் என்னை யாரும் எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்."

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் இருந்துகொண்டு பி.காம். படிக்கிறாள். கேரளா போலீசில் சேர வேண்டும் என்று ஆசை. எழுத்துத் தேர்வு தாண்டினால் உடல்தகுதித் தேர்வு உண்டு. பெண்களுக்கு 8 அயிட்டம், அதில் ஏதாவது 5-ல் தேற வேண்டும். ஒன்று ஸ்கிப்பிங், ஒரு நிமிஷத்தில் 80. இவளுக்கு இப்போது 34-லேயே மூச்சு வாங்குகிறது.

லயம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: ஒரு ரூம், ஒரு அடுப்படி, முன்னால் சின்னதாக ஒரு வராந்தா. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். நானும் அப்படி ஒன்றில் பிறந்து வளர்ந்தவன்தான். "ரோட்டுல ஓடேம்மா" என்று டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு சொல்லலாம். விடியற்காலையில் எஸ்டேட் ரோட்டில் யானை நிற்கும். படையப்பா என்று ஊரே பேர் வைத்த கொம்பன் எத்தனை பஸ்சை மறித்திருக்கிறான் என்று எங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள். ஜிம்முக்கு டவுனுக்குப் போக வேண்டும், மாசா மாசம் பணம் கட்ட வேண்டும். ஆக, செய்தால் வீட்டிலேதான்.

வீட்டில் முடியுமா? முடியும். நான் செய்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாலக்காடு சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.காம். படித்தேன். கொழிஞ்சாம்பாறையில் பத்துக்கு எட்டு ரூமில் நாலு பேர். வீட்டுக்காரப் பெரியவர் இளவயசில் குஸ்தி பழகியவர். நாங்கள் கூன் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திட்டுவார். "ரூம்ல இடம் இல்லைங்க தாத்தா" என்றோம். "ராத்திரி பாய் விரிக்கிறீங்கல்ல? அந்த இடம் போதும்டா" என்றார். தண்டாலும் பஸ்கியும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். ஒருத்தன் எடுக்கும்போது மற்ற மூன்று பேரும் காலை மடக்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்து எண்ணுவோம். செலவு சுத்தமாக பூஜ்யம்.

கனடா வந்த பிறகு பழைய புத்தகக் கடை ஒன்றில் ஒரு மெல்லிசான புத்தகம் கிடைத்தது. பேர் 5பி.எக்ஸ். 1950-களின் கடைசியில் கனடா விமானப்படைக்காக பில் ஆர்பன் என்பவர் வகுத்த பயிற்சி. ஐந்தே பயிற்சிகள், மொத்தம் 11 நிமிஷம், கருவி எதுவும் வேண்டாம். பெண்களுக்கு எக்ஸ்.பி.எக்ஸ் என்று தனியாக 12 நிமிஷத் திட்டம். ஜிம் வசதி இல்லாத தூரத்து முகாம்களில் இருந்தவர்களையும் மனதில் வைத்துச் செய்தது. கொழிஞ்சாம்பாறைத் தாத்தா சொன்னதையேதான் விமானப்படையும் சொல்லியிருக்கிறது! (அதில் காலை நீட்டிக்கொண்டே எழுந்து உட்காரும் பயிற்சியை இப்போது முதுகுக்கு நல்லதில்லை என்கிறார்கள். அதை விட்டுவிடலாம்.)

சரி, அக்காவிடம் பேசினேன். "தேயிலைக் காட்டுல மேடு பள்ளம் ஏறி இறங்குற நமக்கு எதுக்குடா எக்ஸர்சைஸ்?" என்றாள். உனக்கு வேண்டாம் அக்கா, உன் மகள் மலை ஏறவில்லையே. பஸ்ஸில் போய், பெஞ்சில் உட்கார்ந்து, வந்து போனைப் பார்த்துக்கொண்டு படிக்கிறாள். நீ சுமந்த கொழுந்து மூட்டையால் அவள் கால் பலமாகிவிடுமா?

பக்கத்து ராஜாக்காட்டுக்காரி ப்ரீஜா ஸ்ரீதரன் 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கியதைச் சொன்னேன். "அது வேற. அந்தப் பொண்ணுக்கு கோச்செல்லாம் இருந்திருப்பாங்க" என்றாள். அக்கா சொன்னது நியாயம்தான். ஆனால் நம் பிள்ளைக்குத் தங்கம் வேண்டாம், 80 போதும்.

கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது. "வயசுப் பொண்ணு வாசல்ல குதிச்சா லயத்துல நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

என் கருத்து இதுதான். ஏழைப் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்யாததற்கு இடமும் காசும் மட்டும் காரணம் இல்லை. நாம் அனுமதி கொடுப்பதில்லை. மருமகன் சாயங்காலம் பந்து விளையாடப் போனால் யாரும் எங்கே என்று கேட்பதில்லை. மகள் கதவைச் சாத்தினால் தண்ணி பிடி, பாத்திரம் கழுவு என்று குரல் வரும். ஆறடிக்கு மூன்றடி இடம் எந்த வீட்டிலும் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்தைத்தான் பெண் பிள்ளைக்கு நாம் தருவதில்லை.

அவளுக்கு நான் எழுதி அனுப்பியது, உங்கள் பிள்ளைகளுக்கும் ஆகும்:

1. நின்ற இடத்திலேயே நடை, 3 நிமிஷம். உடம்பு சூடாக.
2. பஸ்கி, பத்துப் பத்தாக மூன்று தடவை. முட்டி வலித்தால் பாதி இறங்கினால் போதும்.
3. தண்டால். முதலில் சுவரில் கை ஊன்றி, அப்புறம் பெஞ்சில், அப்புறம் தரையில்.
4. வாசல்படியில் ஏறி இறங்குவது, 3 நிமிஷம்.
5. புத்தகப் பையைத் தரையில் இருந்து இடுப்புவரை இழுத்துத் தூக்குவது, பத்துப் பத்தாக. கனம் போதாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் சேர்த்தால் ஒரு கிலோ கூடும்.
6. முழங்கை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது, 20 விநாடி, மூன்று தடவை.
7. கடைசியில் வராந்தாவில் கயிறு. மழை என்றால் உள்ளே கயிறில்லாமல் மணிக்கட்டை மட்டும் சுற்றிக் குதிக்கலாம். கீழே சாக்கை மடித்துப் போட்டால் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது.

2-ம் 3-ம் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் இரண்டு மூன்று எண்ணிக்கை மட்டும் கூட்டு. பேங்க்காரன் புத்தி, ஆர்.டி. மாதிரிதான் சொல்லத் தெரியும். சின்னத் தொகை, தவணை தவறக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: 5 முதல் 17 வயதுவரை சராசரியாகத் தினம் 60 நிமிஷம், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம். அவ்வளவு முடியாவிட்டாலும் கொஞ்சமாவது செய்வது சும்மா இருப்பதைவிட நல்லது என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கும் ஒன்று. ஸ்காபரோ பேஸ்மென்ட்டில் வளரும் நம் பிள்ளைகளும் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார்கள். ஜிம் கட்டணம் மட்டும் கணக்கில் இருந்து தவறாமல் போகிறது. ஊருக்குப் பேசும்போது "படிச்சியா, சாப்பிட்டியா" என்று கேட்கிறோம். "இன்னிக்கு எத்தனை குதிச்ச?" என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

நேற்று அவள் அனுப்பிய வீடியோவில் 41. ஓரத்தில் எண்ணுகிற குரல் அக்காவுடையது. நடுவில் இரண்டு எண்ணை விட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

டிஸ்கி: இந்தப் பதிவை எழுதியவர் காலையில் எத்தனை தண்டால் எடுத்தார் என்று யாரும் கேட்க வேண்டாம். ஏழு. அதுவும் சுவரில்.