தேரையின் தலைமறைவு

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் கடவுள் படியளக்கிறார் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். ஈசுவரனுடைய கருணையைப் பற்றிய வரையில் இந்த வாக்குக்கு ஆட்சேபம் இல்லை. தேரையைப் பற்றிய வரையில் இது எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஒருவர் பரீட்சித்தே பார்த்துவிட்டார்.

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் பூகர்ப்ப சாஸ்திரம் போதித்த வில்லியம் பக்லாந்து என்பவர், 1825-ம் ஆண்டு நவம்பரில் 24 தேரைகளைச் சேகரித்தார். நுண்துளைகள் உள்ள சுண்ணாம்புக் கல்லில் 12 குழிகளும், கெட்டியான மணற்கல்லில் 12 குழிகளும் வெட்டுவித்து, குழிக்கு ஒன்றாக இட்டு, மேலே கண்ணாடி பதித்து, தமது தோட்டத்தில் மூன்றடி ஆழத்தில் புதைத்தார். ஓராண்டு கழித்துத் தோண்டியபோது மணற்கல்லில் இருந்தவை அனைத்தும் மாண்டு கிடந்தன. சுண்ணாம்புக் கல்லில் இருந்த பெரிய தேரைகளிற் பெரும்பாலானவை பிழைத்திருந்தன. அவற்றையும் மீண்டும் புதைத்ததில், இரண்டாவது ஆண்டு முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஆகவே, தேரைக்கு வேண்டியது அடைபட்ட கல்லன்று. விரிசல் உள்ள கல். குஞ்சாக இருக்கும்போது சிறு வெடிப்பின் வழியே உள்ளே நுழைகிறது. அங்கே வரும் பூச்சி புழுக்களைத் தின்று வளர்ந்துவிட்டால், வந்த வழியே திரும்ப முடிவதில்லை. கல்லை உடைக்கிறவர் கண்ணுக்குத் தேரை தெரிகிறது, வெடிப்புத் தெரிவதில்லை.

இந்தத் தலைமறைவு வாழ்க்கை எதற்காக? குளிர் தேசங்களில் பனிக்கு அஞ்சி ஒளிகிறது. வட அமெரிக்காவில் தரை உறைய உறைய, தேரைகள் உறைபனி எட்டாத ஆழத்துக்கு மண்ணைத் தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். நம் கள்ளக்குறிச்சிச் சீமையிலோ கதை வேறு. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்தில் மார்கழி இரவு கம்பளி கேட்கும் என்பது மெய்தான். அந்த நாட்களில் தேரையும் சற்று மந்தமாக இருக்கும். ஆயினும் மாதக் கணக்கில் உறங்க வேண்டிய அவசியம் அதற்கு அங்கே இல்லை. அதன் கஷ்டகாலம் மாசிக்குப் பின், கோமுகி ஆற்றின் மணல் காய்ந்து, வயல்கள் பாளம் பாளமாக வெடிக்கும்போதுதான் தொடங்குகிறது. குளிருக்குப் பதிலாக வறட்சியே இங்கே அதன் சத்துரு.

தேரை வாயால் ஜலம் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலை ஈர மண்ணில் பதித்து உறிஞ்சிக்கொள்கிறது. மூத்திரப் பையிலே நீரைச் சேமித்து வைத்து, வேண்டியபோது உடம்புக்குத் திருப்பிக்கொள்ளுகிறது. ஒளிந்திருக்கும் காலத்தில் அசைவும் செலவும் குறைவு. உடலில் சேர்த்த கொழுப்பே கட்டுச்சோறு. கோடை மழை ஒன்று பெய்து மண் நனைந்தால் போதும், அன்றிரவே குட்டைகளில் கச்சேரி ஆரம்பமாகிவிடும்.

மண்ணுக்குள் புகுவதில் நிபுணர் நுணல் எனப்படும் மணல்வாழ் தவளை. அதன் பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு தடிப்பு உண்டு. பின்புறமாகவே தோண்டிக்கொண்டு இறங்கும். மணலுள் மறைந்திருந்தும் தன் குரலாலேயே அது அகப்படுவதைப் பழமொழி நானூறு சொல்லுகிறது. நாம் அன்றாடம் காணும் சொரித் தேரைக்கு இந்த ஆயுதம் கிடையாது. பிறர் அமைத்த இடத்தையே அது நம்பியிருக்கிறது. எலி வளை, கரையான் புற்று, மண் கலக்காமல் அடுக்கிய கல் வரப்பு, பழங்கிணற்றின் சுவரிடுக்கு, கரும்புத் தோட்டத்தில் உதிர்ந்த சோகை இவையே அதன் சத்திரங்கள். வீட்டிலே என்றால் துளசி மாடத்தின் அடி, ஆட்டுக்கல்லின் பின்புறம், முற்றத்து ஜலதாரை.

இச்சத்திரங்களை நாம் என்ன செய்கிறோம்? கரும்பு வெட்டியதும் சோகைக்குத் தீ வைக்கிறோம். கல் வரப்பைக் கலைத்துச் சிமெண்டு பூசுகிறோம். முற்றத்துக்கும் தளம் போட்டுவிடுகிறோம். பக்லாந்தின் மணற்கல் சிறையை வயல் வயலாக, வீடு வீடாகக் கட்டுகிறோம் என்றே சொல்லலாம். எறும்பும் கரையானும் வண்டும் தின்று பயிரைக் காக்கும் ஒரு கூலியில்லா வேலைக்காரனை இவ்வாறு வெளியேற்றிவிட்டு, பூச்சி மருந்துக்குக் கடன் வாங்குகிறோம்.

உலகத்து நீர்நில வாழ்வனவற்றில் நூற்றுக்குச் சுமார் 41 வகைகள் அழிவை நோக்கியிருப்பதாக 2023-ம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பு கூறுகிறது. நம் சொரித் தேரை அந்தப் பட்டியலில் இல்லை. சந்தோஷந்தான். இருக்கும்போதே காப்பது சுலபம்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. குழந்தை மெலிந்து தேய்ந்தால், "தேரை விழுந்துவிட்டது" என்று இன்னும் சில வீடுகளில் சொல்லுகிறார்கள். பிள்ளைகள் கல்லெடுத்துத் தேரையைத் துரத்துகிறார்கள். தேரையின் கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியில் நஞ்சு இருப்பது வாஸ்தவம். அது தன்னைக் கடிக்கும் பிராணிக்காக வைத்திருப்பது. தொட நேர்ந்தால் கை கழுவினால் போதும். அது மேலே குதிப்பதால் எந்தக் குழந்தையும் மெலிவதில்லை. மெலிந்த குழந்தைக்கு வேண்டியது நல்ல ஆகாரமும் காலத்தில் வைத்தியமும். தேரையின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் இழப்பது அந்தப் பொன்னான காலத்தை அல்லவா?

இந்தக் கோடையில் வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் சிறியது. கொல்லையில் ஒரு மூலையில் நாலு கல்லும் ஓர் உடைந்த மண்சட்டியும் கவிழ்ந்து கிடக்கட்டும். பாத்திரம் கழுவிய நீர் கொஞ்சம் அப்பக்கம் ஓடட்டும். படியளக்கும் பொறுப்பை ஆண்டவன் பார்த்துக்கொள்வான். கல்லில் விரிசலை விட்டுவைக்கும் பொறுப்பு நம்முடையது.